மூடினால் பெட்டி, திறந்தால் ராட்டை!

சின்னாளப்பட்டி என்றதும் சேலைதான் நினைவுக்கு வரும். நெசவாளர் ஊர் அது. தறியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போக முடியுமா? முடியாது. ஆனால், நூல் நூற்கும் ராட்டையைப் பயணப் பெட்டியாகவே மாற்றிவிட்டார் காந்தியடிகள்!

பழைய ராட்டையின் சக்கரம் பெரியது. ரயிலில் கொண்டுபோவது கஷ்டம். பயணம் கிளம்பினால் நூற்பு நின்றுவிடும். தினமும் நூற்க வேண்டும் என்றவருக்கு இது பெரும் குறை. நல்ல ராட்டை செய்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று 1929-ல் அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்தது. பின்னர் எரவாடா சிறையில் இருந்தபோது காந்தியடிகளே அந்த வேலையில் இறங்கினார்.

யோசனை எளியது. ஒரு பெரிய சக்கரத்துக்குப் பதில் இரண்டு சிறிய சக்கரங்கள். இரண்டும் பெட்டிக்குள் படுத்திருக்கும். கையால் சுற்றும் சக்கரம், கயிற்றின் மூலம் அடுத்த சக்கரத்தைச் சுழற்றும். அது கதிரை இன்னும் வேகமாகச் சுழற்றும்.

வேலை முடிந்ததும் கதிரைக் கழற்றி உள்ளேயே வைக்கலாம். மூடிக் கைப்பிடியைப் பிடித்தால், பயணத்துக்குத் தயார்! சிறையின் பெயராலேயே இது 'எரவாடா சக்கரம்' ஆயிற்று.

சின்னாளப்பட்டியை அடுத்துள்ளது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையார் 1947-ல் அதைத் தொடங்கினார். கதர்த் தொழில் அங்கே இன்றும் உண்டு.

பை தைப்பவரும் பெட்டி செய்பவரும் இந்த ராட்டையை ஒருமுறை பார்க்க வேண்டும். எவ்வளவு சாமான் அடைக்கலாம் என்பது மட்டுமா கணக்கு? போன இடத்தில் பெட்டி என்ன வேலை செய்யும் என்பதும் கணக்குத்தான்!