எவர்சில்வர் விசிறியில் விழுந்த கீறல்

9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



நம்ம எல்லார் வீட்டிலும் எவர்சில்வர் குடம் இருக்கு. அதில் கீறல் விழுந்தால் யாரும் கவலைப்பட மாட்டோம். படகுக்கு அடியில் சுற்றுகிற எவர்சில்வர் விசிறியில் கீறல் விழுந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? புரொப்பல்லர் என்கிறோமே, அதுதான்.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்க சித்தப்பா ஒரு பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே தினமும் வருவது பைப்பும் பாத்திரமும்தான். போன கோடை லீவில் பழவேற்காட்டிலிருந்து ஒருவர் மூன்று இறக்கை விசிறி ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். அங்கே ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து மேடாகிவிடும். படகு அதில் உரசியதில் இறக்கை எல்லாம் கோடு கோடாக இருந்தது. "புதுசு வாங்க முடியாதுப்பா, ஒரு கோடு இல்லாம ஆக்கிக் குடு" என்றார்.

எவர்சில்வர் என்பது இரும்புதான். குறைந்தது நூற்றுக்குப் பத்தரை பங்கு குரோமியம் கலந்திருக்கும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய தோல் போடும். கண்ணுக்கே தெரியாது. கீறினாலும் தானே மறுபடி வளரும். அதனால்தான் துரு பிடிப்பதில்லை. ஆனால் கடல் உப்பு பள்ளத்தில் தங்கினால் அந்தத் தோலைத் துளைத்துவிடும். அதனால் வழவழப்பு அழகுக்கு மட்டும் இல்லை.

கீறலை எதையாவது வைத்து அடைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கீறல் ஒரு பள்ளம். சுற்றி இருக்கிற மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டம் வரை இறக்கணும். அதாவது பெரிய கீறலை எடுக்க ஆயிரம் சின்னக் கீறல் போடுகிறார்கள்! அப்புறம் அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது.

முதலில் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவித் துடைத்தார். பிறகு டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து நகத்தால் தடவினார். நகம் மாட்டினால் ஆழமான கீறல், மாட்டாவிட்டால் மேலோட்டம். அப்புறம் உப்புத்தாள். நம்பர் கூடக்கூட மணி பொடிசாகும். 120-ல் நீளவாக்கில் தேய்த்தால் 240-ல் குறுக்குவாக்கில் தேய்க்கணும். முந்தின கோடு முழுசா மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். பொறுமை இல்லாமல் ஒரு நம்பரைத் தாண்டினால் கடைசியில் பளபளப்புக்கு நடுவே பழைய கோடு எட்டிப் பார்க்கும். ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறி நீலம் பாயும்.

400 முடிந்ததும் மோட்டாரில் சுற்றும் நார்ச் சக்கரம், பிறகு துணிச் சக்கரம். துணியில் பச்சை சோப்பு தடவுகிறார்கள். அது குளிக்கிற சோப்பு இல்லை. அதில் இருப்பது குரோமியம் ஆக்சைடு. எவர்சில்வரின் தோலும் அதே பொருள்தான் என்று அறிவியல் ஆசிரியர் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது.

இந்த இடத்தில் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். துப்பட்டா, பின்னல், தொளதொள கையுறை எதையும் சக்கரம் பிடித்து இழுத்துவிடும். இறக்கையின் விளிம்பைச் சுற்று வரும் பக்கத்துக்கு எதிரே காட்டினால் பொருளையே பிடுங்கி எறியும். தூசியும் அதிகம். சித்தப்பா ஈரத் துண்டைத்தான் மூக்கில் கட்டியிருந்தார். பொடித் தூசிக்கு அது போதாது. ராத்திரி அவர் இருமுவது எங்க அறை வரைக்கும் கேட்கும். மாஸ்க் போடுங்க சித்தப்பா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நானும் எங்க குடத்தைக் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தேன். நாலு நாளில் பழுப்புப் புள்ளி! நாரின் இரும்புத் துகள் கீறலில் ஒட்டித் துரு பிடித்திருக்கிறது. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பட்டறையில் இரும்புக்குப் பயன்படுத்திய தாளை எவர்சில்வரில் வைக்கவே மாட்டார்கள்.

விசிறிக்கு வருவோம். ஒரு இறக்கையின் ஓரத்தில் மட்டும் நகம் நன்றாக மாட்டியது. விளிம்பில் பிசிறு இருந்தால் வேகமாகச் சுற்றும்போது அங்கே அழுத்தம் குறைந்து தண்ணீரில் ஆவிக் குமிழி வரும். அது உடையும்போது உலோகத்தையே அரிக்கும். இங்கிலாந்தில் பார்சன்ஸ் என்ற பொறியாளர் 1895-லேயே இதைப் பார்க்கத் தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினாராம். அதனால் பிசிறை மட்டும் சித்தப்பா வழித்துவிட்டார். பள்ளம் அப்படியே இருந்தது.

படகுக்காரர் அதையும் எடுக்கச் சொன்னார். சித்தப்பா மறுத்துவிட்டார். நடு ஓட்டையில் ஒரு கம்பியைச் செருகி இரண்டு சமமான சட்டங்கள் மேல் வைத்துக் காட்டினார். விசிறி எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. "இதை இன்னும் தேய்ச்சா இந்த இறக்கை எடை குறையும். அப்புறம் இன்ஜின் உதறும், பேரிங் போயிடும். நடுக்கடல்ல நின்னா என்னண்ணே பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு விசிறியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.