உபுண்டு பீட்டா: அப்கிரேடா, ஃப்ரெஷ் இன்ஸ்டாலா? எது சேஃப்?

லினக்ஸில் புது பீட்டா வந்தாலே பலருக்குக் கை துறுதுறுக்கும். இருக்கிற சிஸ்டத்தை அப்படியே அப்கிரேட் செய்துவிடலாமா, இல்லை பென்டிரைவில் ஏற்றிப் புதிதாகவே இன்ஸ்டால் செய்யலாமா? உபுண்டுவை வைத்துப் பார்ப்போம்.

அப்கிரேட்ல என்ன நடக்குது?

டெர்மினலில் 'டூ-ரிலீஸ்-அப்கிரேட்' கட்டளையோடு '-டி' சேர்த்துக் கொடுத்தால், இன்னும் தயாரிப்பில் இருக்கும் பதிப்புக்கு சிஸ்டம் மாறத் தொடங்கும். ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜ்கள் புதியவையாக மாறும். வெளியிலிருந்து நீங்க சேர்த்த பிபிஏக்கள் முடக்கப்படும். ஃபைல், செட்டிங்ஸ் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். வசதிதான். ஆனா பிடிக்கலைன்னா பழைய பதிப்புக்குத் திரும்ப முறையான வழி கிடையாது.

இன்னொரு விஷயத்தைப் பலரும் யோசிப்பதில்லை. அப்கிரேட் செய்துதரும் மென்பொருளிலும் பிழை வரலாம். 2024-ல் அதுதான் நடந்தது. ஏப்ரல் 25-ல் உபுண்டு 24.04 வெளியானாலும், 22.04 எல்டிஎஸ் பயனாளர்களுக்கு 24.04.1 வந்த பிறகே அப்கிரேட் என்பது வழக்கமான ஏற்பாடு. ஆகஸ்ட் 15-ல் வரவேண்டிய அது, 29-க்குத் தள்ளிப்போனது. அப்கிரேட் திறந்த சில நாட்களிலேயே, அப்கிரேட் கருவியில் தீவிரமான பிழை இருப்பது தெரிந்து தற்காலிகமாக நிறுத்தினார்கள். அப்போது ஐஎஸ்ஓ இறக்கிப் புதிதாக இன்ஸ்டால் செய்தவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. இறுதிப் பதிப்புக்கே இப்படின்னா, பீட்டாவுக்கு?

அதே 24.04-ன் பீட்டாவும் ஒரு வாரம் தாமதமாக, ஏப்ரல் 11-ல்தான் வந்தது. 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவிக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தது மார்ச் 29-ல் அம்பலமானதால், பிப்ரவரி 26-க்குப் பிறகு உருவாக்கிய பேக்கேஜ்களை எல்லாம் மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது.

அப்போ என்ன செய்யலாம்?

தினமும் வேலை பார்க்கும் ஒரே லேப்டாப் என்றால் அப்கிரேட் வேண்டாம். தனி பார்ட்டிஷனிலோ பழைய கணினியிலோ ஃப்ரெஷ் இன்ஸ்டால் செய்து பாருங்கள். அதற்கு முன்பே வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்துவிடுங்கள். 'எரேஸ் டிஸ்க்' ஆப்ஷனைத் தொட்டால் எல்லாம் போச்சு.

பழைய சிஸ்டத்தின் ஹோம் ஃபோல்டரையே பீட்டாவுக்கும் பகிர்ந்து கொடுப்பது சிலரின் குறுக்குவழி. தவிர்ப்பது நல்லது. புது ஃபயர்பாக்ஸ் ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய ஃபயர்பாக்ஸ் ஏற்க மறுக்கும்.

இழக்க எதுவும் இல்லாத உபரி கணினி இருந்தால் தாராளமாக அப்கிரேடை முயன்று பார்க்கலாம். அதில் வரும் பிழைகள் ஃப்ரெஷ் இன்ஸ்டாலில் தெரியாது என்பதால், டெவலப்பர்களுக்கு உங்க ரிப்போர்ட் ரொம்பவே தேவை.

சரி, பீட்டா போட்டாச்சு. இறுதிப் பதிப்பு வந்ததும் மறுபடி இன்ஸ்டால் செய்யணுமா? தேவையில்லை. வழக்கமான அப்டேட்களைத் தவறாமல் போட்டு வந்தால், வெளியீட்டு நாளில் உங்க பீட்டாவே இறுதிப் பதிப்பாக மாறியிருக்கும்.