தேடும் சொல்லைத் தேடினோம்

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் நமது பள்ளித் தோட்டக்காரத் தாத்தாவைக் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, இரு வாரங்கள் இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. "கடிச்சது கால்ல, சிறுநீரகம் எப்படிம்மா கெட்டுது?" என்று அவர் கேட்டபோது எங்கள் வகுப்பில் எவருக்கும் பதில் தெரியவில்லை.

விடை தேடி, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' என்னும் கணினித் தொகுப்பைத் திறந்தோம். மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் குறிப்புகள் அதில் உள்ளன. 1997 முதல் எல்லோரும் இலவசமாகப் பார்க்கலாம். 'ஸ்நேக்' என்று ஆங்கிலத்தில் தட்டினோம். பல்லாயிரம் வந்தன, பாம்பு முட்டை பற்றியதும்கூட! கேள்வி முழுவதையும் தட்டினோம். ஒன்றும் வரவில்லை.

நூலக சிஸ்டர் சிரித்தார்கள். "உங்கள் கேள்வியைத் தட்டாதீர்கள். கட்டுரை எழுதியவர் எந்தச் சொல்லை எழுதியிருப்பார் என்று யோசியுங்கள்" என்றார்கள்.

எந்தப் பாம்பு, எந்த உறுப்பு என்று கேள்வியை இரண்டாகப் பிரித்தோம். சிறுநீரகத்தை மருத்துவர்கள் 'கிட்னி' என்றும் எழுதுவர், 'ரீனல்' என்றும் எழுதுவர். பாம்புக்கோ அறிவியல் பெயரே மாறியிருக்கிறது! பழைய கட்டுரைகளில் 'வைப்பெரா', புதியவற்றில் 'டபோயா'. ஒன்றை மட்டும் தட்டினால் மற்றது நழுவிவிடும். ஆகவே ஒரே பொருளுள்ள சொற்களுக்கிடையே 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்தோம். இரண்டு அடைப்புகளையும் 'அண்ட்' போட்டு இணைத்தோம். 'ஆர்' வலையை விரிக்கும், 'அண்ட்' சுருக்கும். இவற்றைப் பெரிய எழுத்தில் தட்டவேண்டும். இந்தத் தர்க்கத்தை 1854-இல் நூலாக எழுதிய ஜார்ஜ் பூல், இன்றைய கணினியைக் கண்டதே இல்லை!

'நாட்' என்றும் ஒன்று உண்டு. நல்லபாம்பு வேண்டாமென்று 'நாட் கோப்ரா' போட்டோம். இரு பாம்புகளையும் ஒப்பிட்ட நல்ல கட்டுரைகளும் சேர்ந்து மறைந்தன. இனி அதன் பக்கமே போவதாயில்லை.

பொருத்தமான கட்டுரை ஒன்று அகப்பட்டால், அதன் அடியிலுள்ள பொருள் தலைப்புகளைப் பாருங்கள். ஆசிரியர் எந்தச் சொல்லைக் கையாண்டிருந்தாலும், பாம்புக்கடிக்கு அந்நூலகம் 'ஸ்நேக் பைட்ஸ்' என்ற ஒரே தலைப்பையே இடுகிறது. அதைக் கொண்டும் தேடலாம். சில கட்டுரைகளில் மட்டும் அது இராது.

விடை கிடைத்தது. அந்த விஷம் இரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. இரத்த அழுத்தமும் விழுகிறது. போதிய இரத்தமின்றிச் சிறுநீரகம் வாடுகிறது.

தாத்தாவிடம் படித்துக் காட்டினோம். "இதுக்கா நாலு நாள்?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியுடன் நடந்தார். காலில் புதிய ரப்பர் பூட்ஸ்.