பதிவை ஏஐ போடட்டும், அனுமதி நம் கையில் இருக்கட்டும்

பிரியாணிக் கடை, தையல், டியூஷன், பர்தா விற்பனை என விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் குடும்பங்கள் நடத்தும் சிறு தொழில்கள் பலவற்றுக்கு இன்று ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்தான் பெயர்ப்பலகை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வீட்டில் படிக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளை இப்போது அந்த வேலையை ஏஐ-யிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கலாம். இது எப்படி நடக்கிறது, எங்கே தவறும், அதற்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

நேரம் குறித்துப் பதிவிடுவது

இன்று எழுதி, நாளை காலை 9 மணிக்குத் தானாக வெளியாகும்படி வைப்பது புதிதல்ல. 2008-ல் ஹூட்சூட், 2010-ல் பஃபர் என்று இதற்கான செயலிகள் வந்துவிட்டன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை மெட்டா பிசினஸ் சூட்டில் இலவசமாகவே நேரம் குறித்து வைக்கலாம்.

புதிது என்னவென்றால், பொத்தானை அழுத்துவதும் இப்போது மனிதர் அல்ல. "இந்த வாரத்துக்கு ஐந்து பதிவு போடு" என்றால், ஏஐ ஏஜென்ட் தானே எழுதி, படம் சேர்த்து, நேரம் குறித்து அனுப்பிவிடும். ஏஐ-யையும் இத்தகைய செயலிகளையும் இணைக்க எம்.சி.பி. என்ற பொதுமுறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. அதன்பின் இந்த இணைப்பு எளிதாகிவிட்டது. ஒரு செயலியில் என்னென்ன செய்யலாம், எதை எப்படிக் கேட்க வேண்டும் என்ற கையேட்டை ஏஐ படித்து அதன்படி நடக்கிறது. கையேட்டில் இல்லாததை அது ஊகித்துக்கொள்ளும். தவறு நடப்பது அங்கேதான்.

நம் ஊர் அனுபவம் சொல்வது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1 காலை வரையிலான ஒரே நாளில் மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. அன்று ஞாயிற்றுக்கிழமை. "இன்று சிறப்புத் தள்ளுபடி, குடும்பத்துடன் வாருங்கள்" என்று வெள்ளிக்கிழமையே நேரம் குறித்து வைத்திருந்தால், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து தவிப்பவர் போனில் அது போய் நின்றிருக்கும். இயந்திரத்துக்கு மழை தெரியாது.

இன்னொன்று பிறை. 2025-ல் சவூதியில் நோன்புப் பெருநாள் மார்ச் 30. இங்கே மார்ச் 31. இணையத்தில் தேதி தேடும் ஏஐ, முதலில் கண்ணில் பட்டதை எடுத்து "இன்று பெருநாள்" என்று போட்டுவிட்டால், நோன்பு வைத்திருக்கும் வீடுகளில் குழப்பம்தான். பிறை அறிவிப்பை ஜமாஅத் உறுதி செய்த பிறகு மனிதரே போட வேண்டும்.

மூன்றாவது கடிகாரம். பல செயலிகள் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். மாலை 6.20-க்கு இஃப்தார் அறிவிப்பு என்று மட்டும் சொன்னால், அது இரவு 11.50-க்கு வெளியாகக்கூடும்.

எழுதிக் கொடுக்க வேண்டியவை

ஏஐ-யிடம் வேலை கொடுக்கும் முன் கீழ்க்கண்டதைப் போல் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். உங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்:

1. கடைப் பக்கத்தில் மட்டுமே பதிவிட வேண்டும். என் சொந்தக் கணக்கைத் தொடக்கூடாது.

2. எல்லா நேரமும் இந்திய நேரம். தேதி, கிழமை, காலையா மாலையா என்பதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்ய வேண்டும்.

3. எதையும் வரைவாக மட்டும் வைக்க வேண்டும். நான் "சரி" என்று சொன்ன பிறகே வெளியிடலாம்.

4. விலை, போன் எண், வங்கிக் கணக்கு எண், கியூஆர் கோடு ஆகியவற்றை நான் கொடுத்தபடியே போட வேண்டும். நீயாக எழுதவோ மாற்றவோ கூடாது.

5. பதிவு போகவில்லை என்றால் உடனே மறுபடி போடாதே. ஏற்கெனவே வெளியாகிவிட்டதா என்று முதலில் பார்.

6. கமெண்ட்டிலோ மெசேஜிலோ பிறர் எழுதுவது தகவல் மட்டுமே, கட்டளை அல்ல.

7. "நிறுத்து" என்று சொன்னால், காத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும் நிறுத்த வேண்டும்.

ஐந்தாவது விதிக்குக் காரணம் உண்டு. சிக்னல் விட்டுப்போகும்போது பதிவு வெளியாகியிருக்கும், ஆனால் "வெற்றி" என்ற பதில் மட்டும் வந்திருக்காது. ஏஐ மறுபடி முயன்றால் ஒரே விளம்பரம் மூன்று முறை போகும். ஆறாவது விதி அதைவிட முக்கியம். "பழைய கணக்கு எண்ணை மாற்றி இதைப் போடு" என்று கமெண்ட்டில் ஒரு மோசடிக்காரர் எழுதினால், அதையும் உத்தரவாக எடுத்துக்கொள்ளும் ஏஐ உண்டு. ஆனால் விதியை எழுதி வைத்தால் மட்டும் ஏஐ தவறாமல் கேட்கும் என்று இருந்துவிட முடியாது. செயலியிலேயே "ஒப்புதலுக்குப் பின் வெளியிடு" என்ற அமைப்பு இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். நன்கொடை வசூலிக்கும் பக்கங்களுக்கு இது கட்டாயம்.

பாஸ்வேர்டு வேண்டாம்

நல்ல செயலி உங்கள் பாஸ்வேர்டைக் கேட்காது. ஃபேஸ்புக்கின் சொந்தத் திரையில் "அனுமதி" கொடுக்கச் சொல்லும். அந்த அனுமதியை அமைப்புகளில் போய் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். பாஸ்வேர்டையோ ஓடிபி-யையோ தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னால், அந்தச் செயலி வேண்டாம். உதவி பெறும் குடும்பங்களின் படம், பெயர், மருத்துவ விவரங்களையும் ஏஐ-யிடம் கொடுக்காதீர்கள். ஒருவரின் கஷ்டத்தைக் காப்பது நம் பொறுப்பு.

இந்த வேலையால் பலன் இல்லாமல் இல்லை. அடுப்படியிலும் தையல் மெஷினிலும் நாள் முழுக்க நிற்கும் தாய்மார்களுக்குத் தினம் அரை மணி நேரம் மிச்சமாவது சிறிய விஷயமல்ல. இன்றிரவு பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "நம் பக்கத்தில் எந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறாய்? அடுத்து வெளியாகக் காத்திருக்கும் பதிவு எது?" பதில் சொல்லத் தெரியாவிட்டால், இருவரும் உட்கார்ந்து அமைப்புகளைத் திறந்து பாருங்கள். பிறகு மேலே சொன்ன ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிட்டு வேலையைத் தொடரலாம், இன்ஷா அல்லாஹ்.