மஞ்சள் கரை எங்கே போனது? பாம்புச் செடியை வீட்டில் பெருக்கும்போது கவனிக்க வேண்டியவை

குளுவாங் – எங்கள் தாமானில் வாசலில் பாம்புச் செடி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலாய்க்காரர்கள் இதை லிடா ஜின் என்பார்கள். மாமியார் நாக்கு என்ற பெயரும் உண்டு. அதிலும் இலையின் இரு ஓரத்திலும் மஞ்சள் கரை போட்ட வகைக்குத்தான் கிராக்கி.

போன ஆண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் அப்படியோர் இலையைக் கேட்டு வாங்கி அம்மா நட்டு வைத்தார். மூன்று மாதம் கழித்து முளைத்த கன்றில் மஞ்சள் துளிகூட இல்லை. "நம் கைராசி அப்படி" என்று நொந்துகொண்டார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மஞ்சள் கரை வகையில் இரண்டு விதமான திசுக்கள் ஒரே இலையில் சேர்ந்து வளர்கின்றன. ஓரத்தில் உள்ளவற்றால் பச்சையம் உண்டாக்க முடியாது. அதனால்தான் அந்த மஞ்சள். இலையை வெட்டி நட்டால், புதிய கன்று உள்ளே இருக்கும் பச்சைத் திசுவிலிருந்து பிறக்கிறது. கரை விட்டுப்போகிறது. எத்தனை முறை நட்டாலும் இதே கதைதான்.

கரையோடு வேண்டுமென்றால் கிழங்கைப் பிரிப்பதே வழி. செடியைப் பூச்சாடியிலிருந்து மொத்தமாக எடுத்து மண்ணை உதறினால், விரல் தடிமனில் கிடைமட்டமாக ஓடும் கிழங்குத் தண்டு தெரியும். ஒவ்வொரு துண்டிலும் இலையும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி, சுத்தமான கத்தியால் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டிய இடம் ஓரிரு நாள் காய்ந்த பிறகு நடலாம்.

முழுப் பச்சை வகைக்கு இலையே போதும். மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, பாதி மணல் கலந்த மண்ணில் செருக வேண்டும். வேரைப் பார்த்த பக்கம்தான் கீழே போக வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. வெட்டிய பிறகு எது மேல், எது கீழ் என்று தெரியாது என்பதால், வெட்டும்போதே அடிப்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. நம் ஊர் சாயங்கால மழையில் திறந்தவெளியில் வைத்தால் அழுகிவிடும். கூரைக்கடியில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். வேர் விட ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டாம்; நான் பார்த்து இரண்டு துண்டுகளைக் கெடுத்தேன்.

கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் இலையை நிறுத்தி வேர் விட வைப்பவர்களும் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் ஏடிஸ் கொசுவுக்கும் அது பிடித்த இடம். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் குவளையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது; மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூச்சாடிக்கு அடியில் உள்ள தட்டையும் மறக்க வேண்டாம். வீட்டில் கொசுப் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். அபராதத்தை விடுங்கள், டிங்கி வந்தால் யார் தாங்குவது?

இன்னொன்று. நம் வாசலில் நிற்கும் செடிக்குப் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. ஆனால் அதன் உறவுக்காரச் செடி தமிழுக்குப் பழக்கமானதுதான். தமிழ்நாட்டில் மருள் என்பார்கள். சங்க இலக்கியத்தில் மரல். அதைத் தின்றுவிட்டு நிழலில் உறங்கும் இரலை மான் ஒன்று குறுந்தொகையில் வருகிறது. மருள் நாரைத் திரித்து வில்லுக்கு நாண் கட்டியிருக்கிறார்கள். படிக்கிற காலத்தில் மரல் என்ற சொல்லுக்கு உரையைப் பார்த்துக் கடந்து போனேன். வாசலில் இருப்பது அதன் உறவு என்று அப்போது தோன்றவில்லை.

மான் தின்றாலும் வீட்டுப் பூனையும் நாயும் இதைக் கடித்தால் வாந்தி எடுக்கும். அவை இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அம்மாவின் பச்சைக் கன்று நன்றாகத்தான் வளர்கிறது. பக்கத்து வீட்டு அக்கா அடுத்த முறை சாடி மாற்றும்போது கிழங்கில் ஒரு துண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.