குருதி ஓடும் விதமும் நாடி நோயும்

மாரடைப்பும் பாரிசவாதமும் வசதி படைத்தவர்களின் வருத்தங்கள் என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டது. இன்று அவை கிராமம், நகரம் என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. இவ்விரண்டுக்கும் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது ஒரே நோயாகும். இதயத்திலிருந்து உறுப்புகளுக்குக் குருதியைக் கொண்டு செல்லும் குழாய்களை நாடிகள் என்கிறோம். இந்நாடிகளின் உட்சுவரில் கொழுப்புச் சேர்ந்து, சுவர் தடித்து, வழி ஒடுங்குவதே அந்நோய். இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் நாடி அடைபட்டால் மாரடைப்பு ஏற்படுகிறது. மூளைக்குச் செல்லும் நாடி அடைபட்டால் பாரிசவாதம் ஏற்படுகிறது.

இந்நோயின் காரணங்களாகக் கொழுப்புணவு, புகைத்தல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு என்பவற்றைக் கூறுவது வழக்கம். இவை யாவும் உண்மையே. எனினும் இவற்றால் மட்டும் விடைகாண முடியாத கேள்வி ஒன்று உண்டு. கொலஸ்திரோல் குருதியில் கலந்து உடல் முழுவதும் ஓடுகிறது. புகையின் நஞ்சும் அவ்வாறே. அப்படியாயின் எல்லா நாடிகளும் ஒரே சீராக அல்லவா பழுதடைய வேண்டும்? நடப்பது அதுவல்ல. கழுத்து நாடி கிளைவிடும் இடம், இதய நாடிகளின் கிளைகளும் வளைவுகளும், வயிற்றுப் பெருநாடியின் கீழ்ப்பகுதி என்று சில இடங்களையே நோய் தேடிப் பிடிக்கிறது. அவ்விடங்களிலும் ஒரு பக்கச் சுவர் தடித்திருக்க, எதிர்ப்பக்கச் சுவர் பழுதின்றி இருப்பதைக் காணலாம்.

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் வைத்தியர்கள் மட்டுமன்றிப் பொறியியலாளர்களும் இருந்தனர். அவர்கள் கண்டதையே இங்கு சுருக்கமாகத் தருகிறோம்.

எதிரெதிரான இரு கருத்துகள்

1960களின் பிற்பகுதியில் இதுபற்றி இரண்டு கருத்துகள் நிலவின. 1968 இல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ஃப்ரை, குருதி மிகுந்த வேகத்துடன் சுவரை உரசிச் செல்லும்போது உட்சுவரின் கலங்கள் சிதைவடைவதை விலங்குகளில் பரிசோதித்துக் காட்டினார். கடும் உரசலே சுவரைப் புண்ணாக்கி நோய்க்கு வழி திறக்கிறது என்று இதிலிருந்து பலரும் எண்ணினர்.

அடுத்த ஆண்டே, 1969 இல், இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கொலின் காரோவும் அவருடைய தோழர்களும் இதற்கு நேர்மாறான கருத்தை வெளியிட்டனர். நோய் காணப்படுவது உரசல் கூடிய இடங்களில் அல்ல, உரசல் குறைந்த இடங்களிலேயே என்பது அவர்களின் முடிவு. இரண்டு கருத்தும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது. எது சரி என்று அறிய வேண்டுமாயின், நாடியின் ஒவ்வொரு இடத்திலும் குருதி எவ்வாறு ஓடுகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும்.

ஆகாயத்திலிருந்து நாடிக்கு

இந்த அளவீட்டை மேற்கொண்டவர்களில் ஒருவர் டொன் கிடென்ஸ். இவர் ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தில் விமானம், விண்கலம் சார்ந்த பொறியியலைக் கற்று, அதனையே கற்பித்தவர். விமானப் பொறியியலாளருக்கு நாடியில் என்ன வேலை என்று கேட்கலாம். காற்றாயினும், நீராயினும், குருதியாயினும் ஓடுகின்ற பொருளுக்குரிய இயக்க விதிகள் அடிப்படையில் ஒன்றே. விமானத்தின் இறக்கையைக் காற்று எங்கே தழுவிச் செல்கிறது, எங்கே விட்டு விலகிச் சுழல்கிறது என்று கணிக்கும் அறிவு நாடிக்கும் பொருந்துகிறது.

கிடென்சுடன் டேவிட் கூ என்பவரும் சேர்ந்தார். இவர் பொறியியல், வைத்தியம் ஆகிய இரண்டையும் கற்றவர். சிக்காகோ பல்கலைக்கழகத்திலிருந்து சத்திரசிகிச்சை நிபுணர் கிறிஸ்தோபர் சரின்ஸ், நோயியல் நிபுணர் சீமோர் கிளாகோவ் ஆகியோர் இணைந்தனர். இவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கழுத்து நாடி. தாடையின் கீழ் இது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்கும் மற்றையது முகத்துக்கும் செல்கின்றன. மூளைக்குச் செல்லும் கிளையின் அடிப்பகுதி சற்றே புடைத்திருக்கும். பாரிசவாதத்துக்குக் காரணமான படிவுகள் அடிக்கடி காணப்படுவது இப்புடைப்பிலேயே.

ஆய்வாளர்கள் இறந்தவர்களிடமிருந்து பெறப்பட்ட 12 கழுத்து நாடிகளைக் குறுக்காக வெட்டி, உட்சுவர் எங்கே எவ்வளவு தடித்துள்ளது என்று சுற்றிவர அளந்தனர். பின்னர் அந்நாடியின் வடிவில் ஒளி ஊடுருவக்கூடிய மாதிரி ஒன்றைச் செய்து, அதனூடே திரவத்தை ஓடவிட்டனர். ஓட்டத்தின் போக்கைக் கண்ணாற் காண்பதற்குச் சாயத்தையும் நுண்ணிய ஐதரசன் குமிழிகளையும் பயன்படுத்தினர். லேசர் ஒளியைக் கொண்டு வேகத்தை அளந்தனர். முடிவுகள் 1983 இல் வெளிவந்தன.

கிளை பிரியும் முனையில் ஓட்டம் வேகமாகச் சென்றது; உரசலும் அதிகம். அங்கே சுவர் மெல்லியதாக, நோயின்றி இருந்தது. அதற்கு எதிரேயுள்ள புடைப்பின் வெளிச்சுவர் ஓரத்தில் ஓட்டம் தளர்ந்து, சுவரை விட்டு விலகிச் சுழன்றது. சுவர் மிகத் தடித்திருந்தது அங்கேதான்.

இதயம் துடித்துத் துடித்தே குருதியை அனுப்புகிறது. ஆகவே, அதேபோல் துடிக்கும் ஓட்டத்தை வைத்து ஆய்வைத் தொடர்ந்தனர். 1985 இல் வெளியான முடிவு மேலும் தெளிவானது. புடைப்பின் வெளிச்சுவரில் ஓட்டம் தளர்வது மட்டுமல்ல, ஒவ்வொரு துடிப்பின்போதும் முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. உரசல் குறைந்து, திசையும் தடுமாறும் இடமே நோயின் இருப்பிடம் என்பது இதனாற் புலனாயிற்று.

வாய்க்கால் உவமையும் அதன் எல்லையும்

வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. வாய்க்கால் நேராகவும் விரைவாகவும் ஓடும் இடத்தில் வண்டல் தங்குவதில்லை. அகன்று, தளர்ந்து, சுழலும் மூலையில்தான் தங்குகிறது. ஆனால் இந்த உவமையை ஓர் எல்லைக்கு மேல் கொண்டு செல்லக் கூடாது. நாடி வெறும் மண்வாய்க்கால் அல்ல. அதன் சுவர் உயிருள்ளது.

நாடியின் உட்புறத்தை ஒற்றை வரிசைக் கலங்கள் விரிப்புப்போல் மூடியுள்ளன. குருதியின் உரசலை உணரும் ஆற்றல் இக்கலங்களுக்கு உண்டு. ஓட்டம் சீராக இருக்கும் இடத்தில் அவை ஓட்டத்தின் திசையிலேயே நீண்டு, நெருங்கிப் படுத்திருக்கும். நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைச் சுரந்து நாடியை இளக்கி, சுவரில் எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். உடலில் இவ்வாயு ஆற்றும் பணியைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 1998 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஓட்டம் தளர்ந்து தடுமாறும் இடத்திலோ இதே கலங்கள் ஒழுங்கிழக்கின்றன. பாதுகாப்புக் குறைகிறது. கொலஸ்திரோல் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. வெண்குருதிக் கலங்கள் அங்கு ஒட்டிக்கொண்டு அழற்சியை உண்டாக்குகின்றன.

ஆகவே, நோய் எங்கே தொடங்கும் என்பதை ஓட்டம் பெரிதும் தீர்மானிக்கிறது. அது எவ்வளவு விரைவாக வளரும் என்பதைக் குருதியில் கலந்து வருவனவும் குருதியின் அமுக்கமும் தீர்மானிக்கின்றன. நாடிகளின் கிளைகள் எல்லோருக்கும் உண்டு. அவற்றை மாற்ற முடியாது. மற்றையவற்றை மாற்றலாம்.

வெளியே தெரியாத நோய்

“எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, பிறகேன் மருந்து?” என்று கேட்பவர்கள் எம்மிடையே பலர். இவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றைக் கிளாகோவும் அவருடைய குழுவினரும் 1987 இல் வெளியிட்டனர். இதய நாடிகளில் படிவு வளரும்போது நாடியும் அதற்கேற்ப வெளிப்புறமாக விரிந்து கொடுக்கிறது. சுவருக்குள் இருக்கும் பரப்பில் ஏறக்குறைய 40 வீதத்தைப் படிவு பிடிக்கும்வரை குருதி செல்லும் வழி பெரிதாக ஒடுங்குவதில்லை. அதாவது, நோய் நெடுங்காலம் ஒளிந்து வளர்கிறது.

வழி ஒடுங்கத் தொடங்கிய பின்னர் நிலைமை விரைவாக மோசமாகலாம். 1840களில் பிரெஞ்சு வைத்தியர் புவாசேய் கண்ட விதிப்படி, ஒரு நீண்ட குழாயின் விட்டம் பாதியானால், அதே அமுக்கத்தில் அதனூடே சீராக ஓடும் நீர் பாதியாக அல்ல, பதினாறில் ஒரு பங்காகக் குறையும். தவிர, அதிகம் ஒடுங்காத நாடியிலும் படிவு வெடித்துக் குருதி உறைந்து திடீரென அடைப்பு ஏற்படலாம். வருத்தம் தெரியவில்லை என்பது வருத்தம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

நடப்பதன் பயன்

இருந்த இடத்தில் இருக்கும்போது வயிற்றுப் பெருநாடியின் கீழ்ப்பகுதியில் குருதி தளர்ந்து, ஒவ்வொரு துடிப்பிலும் சிறிது பின்னோக்கியும் ஓடுகிறது. கால்கள் உழைக்கும்போது அவற்றின் தசைகள் கூடுதலான குருதியைக் கேட்கின்றன. பெருநாடியில் ஓட்டம் பெருகுகிறது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் சாள்ஸ் ரெய்லர் என்னும் பொறியியலாளரும் மற்றவர்களும், காந்தப் படக்கருவிக்குள் ஆட்களை மிதிவண்டிபோல் மிதிக்கச் செய்து இதனை அளந்தனர். 2002 இல் வெளியான அவ்வாய்வின்படி, இலேசாக மிதித்தபோதே பின்னோட்டம் மறைந்து, சுவரின் மீதான உரசல் பெருகியது. உடலுழைப்பு கொழுப்பைக் கரைப்பதுடன் நின்றுவிடுவதில்லை; தேங்கும் மூலைகளில் ஓட்டத்தையும் சீராக்குகிறது.

இதே கணிப்பு முறை நோயாளருக்கும் உதவுகிறது. இதயத்தின் சீ.ரீ. படத்தைக் கொண்டு, ஒடுங்கிய நாடி குருதியோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கணினியில் கணிக்கும் முறைக்கு 2014 இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி வழங்கியது. தேவையற்ற குழாய்ப் பரிசோதனைகளைக் குறைக்க இது பயன்படுகிறது.

நாம் செய்யக்கூடியவை

இத்தகைய கருவிகள் எல்லோருக்கும் கிட்டுவதில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் சொல்லும் பாடத்தைப் பின்பற்ற எக்கருவியும் தேவையில்லை.

சுருட்டு, பீடி, சிகரெட் எதுவாயினும் நிறுத்துதல் வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் வருத்தம் இல்லாவிடினும் குருதியமுக்கத்தையும் சீனியையும் காலத்துக்குக் காலம் பார்த்துக்கொள்ள வேண்டும். வைத்தியர் தந்த மருந்தைச் சுகமாகிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது. உப்பும் எண்ணெயும் குறைய வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரமாவது விரைந்து நடக்க வேண்டும். நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன்னோ கடையிலோ அமர்ந்திருப்போர் இடையிடையே எழுந்து நடப்பது நல்லது.

இறுதியாக ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் சோர்தல், பேச்சுக் குழறுதல், ஒரு கண்ணின் பார்வை திடீரென மறைதல் என்பன சில நிமிடங்களில் வந்து மறைந்துவிடலாம். களைப்பு என்றோ, வெயில் என்றோ அதை விட்டுவிடுகிறோம். கழுத்து நாடியின் படிவிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்றதன் அடையாளமாக அது இருக்கலாம். பெரிய தாக்குதலுக்கு முன்வரும் எச்சரிக்கையும் அதுவே. மறைந்துவிட்டாலும், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு அன்றே, உடனேயே, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வீட்டிலுள்ள அனைவரும், சிறப்பாக முதியோரைப் பராமரிப்பவர்கள், இந்த அடையாளங்களை அறிந்திருப்பது அவசியம்.