விரல்நுனிப் பாடம்



செவிலியர் படிப்பின் முதல் ஆண்டைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் மருத்துவன் அல்லன். பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியனாகவும், பிறகு தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் சென்ற ஓராண்டுக் காலம் ஒரு செவிலி மாணவிக்குப் படிப்பில் துணை இருந்தேன். அவள் கற்றதில் ஒரு பகுதியை அந்தச் சாக்கில் நானும் கற்றேன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் அவள் ஆறாம் வகுப்பில் படித்தாள். சின்ன வெங்காயம் பயிரிடும் குடும்பத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே பயின்றவள். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் நான்காண்டுப் பட்டப் படிப்பில் சேர்ந்த இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். மடியில் தலையணை போன்ற ஒரு புத்தகம்.

"ஐயா, நான் நின்றுவிடலாமென்று இருக்கிறேன். அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்" என்றாள்.

நிலத்தின்மேல் கடன் வாங்கிக் கட்டிய பணம் என்பது எனக்குத் தெரியும். காரணம் கேட்டேன். மனித உடலில் 206 எலும்புகள். ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை மட்டும் 27. அத்தனைக்கும் வாயில் நுழையாத பெயர்கள். "நோயாளியைப் பார்த்துக்கொள்ளத்தானே ஐயா வந்தேன்? இந்தப் பெயர்களெல்லாம் எதற்கு?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. புத்தகத்தை வாங்கி ஒரு வாரம் வைத்துக்கொண்டேன். அகராதியையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மை மிரட்டும் அந்த இலத்தீன், கிரேக்கப் பெயர்கள் பெரும்பாலும் வீட்டுச் சாமான்களின் பெயர்களே! தோளின் முன்புறத்துக் காறை எலும்பாகிய கிளாவிக்கிள் என்பது சிறு திறவுகோல். முழங்காற் சில்லாகிய பட்டெல்லா, சிறு தட்டு. கணைக்காலின் டிபியா, புல்லாங்குழல். அதன் அருகில் ஒட்டி நிற்கும் ஃபிபுலா, ஆடையில் குத்தும் கொக்கியூசி. மணிக்கட்டில் ஸ்கஃபாய்டு என்பது படகு வடிவம். பக்கத்தில் உள்ள லூனேட், பிறைநிலா வடிவம். முதுகெலும்பின் அடிநுனிக்குக் காக்ஸிக்ஸ் என்று பெயர். குயிலின் அலகைப் போல் வளைந்திருப்பதால் கிரேக்கர் அதைக் குயில் என்றே அழைத்தார்கள். உட்செவியில் உள்ள காக்ளியா, நத்தை.

இந்த நத்தையைச் சொன்னவுடன் அவள் முகம் மலர்ந்தது. காரை கிராமத்துச் செம்மண் மேடுகளுக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை நான் அழைத்துச் சென்றதுண்டு. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அம்மோனைட் என்னும் கடலுயிரியின் சுருள் ஓடு அந்த மண்ணில் கல்லாகிக் கிடக்கிறது. "அதே சுருள்தானா ஐயா காதுக்குள்ளும்?" என்றாள். வடிவத்தில் அதைப் போன்றதுதான் என்றேன். அதன்பின் ஞாயிறுதோறும் வந்தாள். நிற்பதைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் பெயர் நினைவில் நின்றுவிட்டால் மட்டும் போதுமா? அவள் கேட்ட "எதற்கு" அப்படியே இருந்தது. அதற்கு விடை சொன்னவை செய்முறை வகுப்புகள்தாம்.

இந்தியச் செவிலியர் மன்றம் திருத்தி அமைத்து, 2021இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில், உடற்கூற்றியல், உடலியல், செவிலியர் பணியின் அடிப்படைகள் ஆகிய மூன்றும் முதல் பருவத்திலேயே அருகருகே வருகின்றன. காலையில் படத்தில் கண்ட தமனியைப் பிற்பகலில் தோழியின் கையில் தொட்டுத் தேடலாம். ஆய்வுக்கூடத்தில் நோயாளியின் உருவில் பயிற்சிப் பொம்மைகள் கட்டில்களில் கிடக்கும். ஆசிரியை ஒரு செயலை முதலில் செய்து காட்டுவார். மாணவி அதையே, ஒரு படியும் விடாமல், அவர் கண்முன் திருப்பிச் செய்து காட்ட வேண்டும். கை தேர்ந்தது என்று அவர் சொன்ன பிறகே வார்டுக்குள் அனுமதி. ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் மாதிரிப் பாடம் நடத்தினோம். பிழை செய்தால் மாணவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இங்கே பிழையின் விலை வேறு.

நாடி பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். எளிய வேலையென்று நான் எண்ணியிருந்தேன். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில், ரேடியஸ் என்னும் எலும்பின்மேல் ஒரு தமனி தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. அடியில் எலும்பு இருப்பதால்தான் மெல்ல அழுத்தினால் துடிப்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. எலும்பின் இடம் தெரியாதவள் தசைமேல் தடவிக்கொண்டே இருப்பாள். நடுவிரலும் அதன் இருபுறத்து விரல்களுமே அங்கே இருக்க வேண்டும். கட்டைவிரல் கூடாது, ஏனெனில் அதிலேயே உணரத்தக்க துடிப்பு உண்டு.

இந்த விதியை அவள் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். ஆயினும் வார்டில் முதல் நாள், காய்ச்சலோடு கிடந்த முதிய உழவர் ஒருவரின் கையைப் பிடித்தபோது, பதற்றத்தில் கட்டைவிரல் தானே போய் அமர்ந்துவிட்டது. 84 என்று சொன்னாள். உடன் நின்ற ஆசிரியை மறுபடி எண்ணினார், 108. "நீ உன்னையே எண்ணியிருக்கிறாயோ என்னவோ, அம்மா" என்று மட்டும் அவர் சொன்னாராம். அந்தப் பெரியவரோ, "பரவாயில்லை தாயீ, இன்னொரு தரம் பிடிச்சுப் பாரு" என்று கையை நீட்டினார். அன்று மாலை இதைச் சொல்லும்போது அவள் அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. அழ வேண்டிய விஷயம்தான்.

மூச்சை எண்ணுவதில் இன்னொரு நுட்பம். "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் எவருக்கும் மூச்சு தன் இயல்பிலிருந்து மாறிவிடும். ஆகையால் நாடி பார்த்து முடிந்ததும் கையை விடாமலே, கண்ணை மட்டும் மார்புக்குத் திருப்பி எண்ணுகிறார்கள். நோயாளியின் நன்மைக்காகச் செய்யும் இந்தச் சிறு மறைவு எனக்குப் பிடித்திருந்தது. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கும் முழங்கையின் உட்புறத் தமனியின் இடம் தெரிய வேண்டும். அங்கே எழுந்து மறையும் ஒலிகளை 1905இல் விளக்கியவர் கொரோட்காஃப் என்னும் ரஷ்ய அறுவை மருத்துவர். இன்று பொறியே எண்ணைக் காட்டுகிறது. ஆயினும் காதால் கேட்டுப் பழகச் சொல்கிறார்கள்.

இனி ஊசி. இங்கே சற்று நிற்க வேண்டும்.

நான் ஆசிரியனான தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் கபடியில் கெட்டிக்காரனான பையன் ஒருவன் இருந்தான். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு எங்கோ ஊசி போட்டுக்கொண்டு வந்தான். மறுவாரம் பள்ளிக்கு வந்தபோது ஒரு பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. நுனியைத் தூக்க முடியவில்லை. காய்ச்சல் காலில் இறங்கிவிட்டது என்று ஊரார் சொன்னார்கள். அறிவியல் ஆசிரியனாகிய நானும் அதையே நம்பினேன். அவன் பிறகு களத்தில் இறங்கவில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, அவளுடைய புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்து நான் வாயடைத்துப் போனேன். கீழ்முதுகிலிருந்து புறப்பட்டுப் பிட்டத்தின் ஆழத்தில் இறங்கிக் காலுக்குச் செல்கிறது சயாட்டிக் நரம்பு. நம் உடலில் மிகத் தடித்த நரம்பு அதுவே. பிட்டத்தில் ஊசியை இடம் தவறிக் குத்தினால், முனையோ மருந்தோ அதைத் தாக்கும். பாதத்தைத் தூக்கும் ஆற்றல் போய்விடலாம். பிட்டத்தை நான்காகப் பகுத்து, வெளிப்புற மேற்பகுதியிலேயே போட வேண்டும் என்று நெடுங்காலம் கற்பித்தார்கள். இப்போது அதைக் காட்டிலும் இடுப்பின் பக்கவாட்டை மேலென்கிறார்கள். அவள் அதைப் பொம்மையின்மேல் கற்றுவந்து தலையணையில் எனக்குச் செய்து காட்டினாள். நோயாளியின் வலது இடுப்பென்றால் செவிலியின் இடது கை. உள்ளங்கை தொடையெலும்பின் மேற்புறத்துப் புடைப்பில் அமரும். சுட்டுவிரல் இடுப்பெலும்பின் முன்முனையைத் தொடும். நடுவிரல் அதே எலும்பின் விளிம்போடு பின்னோக்கி விரியும். இரண்டு விரல்களுக்கும் இடையே கிடைக்கும் முக்கோணமே ஊசிக்கு உரிய இடம். பெரிய நரம்பும் பெரிய இரத்தக்குழாயும் அங்கிருந்து விலகி நிற்கின்றன.

அவள் கேட்ட "எதற்கு" என்பதற்கு விடை அந்த விரல்களுக்கு இடையே இருந்தது. நரம்பு கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. எலும்பு தட்டுப்படும். நெடுஞ்சாலையில் மைல்கல்லைப் பார்த்து ஊரின் தொலைவை அறிவது போல, தெரியும் எலும்பைக் கொண்டு தெரியாத நரம்பின் வழியை அறிகிறோம். மைல்கல்லில் பெயர் இல்லாவிட்டால் எப்படி? அந்தப் பையனின் கதையை அவளிடம் அன்றுதான் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

படுக்கைப்புண்ணும் இதைப் போன்றதுதான். குதிகால், முழங்கை, இடுப்பின் பின்புறம் என எலும்பு தோலை ஒட்டி நிற்கும் இடங்களிலேயே அது பெரும்பாலும் தோன்றும். ஆதலின் நகர முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணிக்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்கவைக்கிறார்கள். வீட்டில் முதியோர் இருந்தால் நீங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இக்கல்வி வளர்ந்த கதை நெடியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கிற்று. 1946இல் அங்கே பட்டப் படிப்பும் வந்தது. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் பெரிய நோயென்றால் திருச்சிக்கு ஓடிய ஊர்கள் இவை. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது: பழந்தமிழில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். பெற்றவள் அல்லள், ஆனால் பெண்ணின் முகவாட்டத்தைக் கண்டு கவலுறுபவள் அவளே. இந்தப் பணிக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தவர் யாராயினும் தமிழ் அறிந்தவர்.

முதலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் அவள் வந்தாள். பழக்கத்திற்காக என் கையைக் கேட்டு வாங்கினாள். மூன்று விரல்கள் உரிய இடத்தில் தாமே அமர்ந்தன. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முழு நிமிடம் எண்ணினாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் ஒரு நிமிடம் எண்ணினாள்.

"என்னம்மா?" என்றேன்.

"இடையிடையே ஒரு துடிப்பு விட்டுவிட்டு வருகிறது ஐயா. என்னவென்று சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்" என்றாள்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் அரியலூர் சென்றேன்.